ஊசி மாத்தின ராத்திரி: ஆடியோ கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, "நீங்க வாங்கினதுலயே மறக்க முடியாத ஆடியோ சாமான் எது, அடுத்து எதை மாத்தலாம்னு யோசிக்கிறீங்க"ன்னு கேட்டிருந்தேன். கடிதம், மெயில், வாட்ஸ்அப்னு வந்து குவிஞ்சிருக்கு. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல, பலபேருக்கு உபயோகப்படுற மாதிரி இருந்ததை மட்டும் எடுத்திருக்கேன்.

மதுரையிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: எங்களைக் கேட்டீங்களே சார், நீங்க முதல்ல சொல்லுங்க. உங்களால மறக்க முடியாத பர்ச்சேஸ் எது?

நியாயமான கேள்விதான். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சிடி பிளேயர்னு இந்த முப்பது வருஷத்துல எவ்வளவோ வாங்கியிருக்கேன், எவ்வளவோ வித்திருக்கேன், ஆனா கண்ண மூடினா முன்னாடி வந்து நிக்கிறது கட்டைவிரல் அளவுக்கு இருந்த ஒரு பச்சைக் கலர் சாமான்தான். ஆடியோ டெக்னிகா ஏடி95இ. ரிக்கார்டு பிளேயர் கையோட நுனியில ஊசியோட சேத்து மாட்டுற கார்ட்ரிட்ஜ்.

1996. எனக்கு முதல் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ரூம், சம்பளம் 3,200 ரூபாய். அப்ப எல்லாரும் கேசட்டுக்கும் சிடிக்கும் போயிட்டாங்க, பாட்டு பதிஞ்ச பெரிய கறுப்பு எல்பி தட்டை எல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டு இருந்த நேரம், சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டுக்குப் போனா பத்து ரூபாய்க்கும் பதினஞ்சு ரூபாய்க்கும் அருமையான கச்சேரித் தட்டெல்லாம் கிடைக்கும். ஆபீஸ்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் வீடு காலி பண்ணும்போது தன்னோட பெல்ட் டிரைவ் பிளேயரை எனக்குக் குடுத்துட்டுப் போனார். ஆம்ப் ஏற்கெனவே இருந்துச்சு, சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த என்ஏடி 3020. 1978ல வந்த மாடல் அது, சேனலுக்கு வெறும் 20 வாட்ஸ்தான், ஆனா குறைஞ்ச காசுல நல்ல சத்தம் வேணும்னு நினைச்சவங்க ஊர் ஊரா தேடி வாங்கினது, ரிக்கார்டு பிளேயரை நேரா சொருகுற ஃபோனோ இன்புட்டும் உள்ளேயே இருக்கும்.

எல்லாம் சரி, ஆனா பாட்டு சரியா இல்ல. "ச"வும் "ஸ"வும் வர்ற இடமெல்லாம் யாரோ துப்புற மாதிரி கேக்கும், தட்டோட உள்வட்டத்துக்கு வந்தா கரகரன்னு உடையும். பத்து ரூபா தட்டு, தேஞ்சு போயிருக்கும்னு நானே ஒரு வருஷம் சமாதானம் பண்ணிக்கிட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரேடியோ ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர்கிட்ட ஒருநாள் கார்ட்ரிட்ஜைக் காட்டினேன், வாட்ச் ரிப்பேர்காரங்க கண்ணுல வச்சுப் பாக்குற லென்ஸை வச்சுப் பாத்துட்டு, "தம்பி, இது ஊசி இல்ல, உளி. இதை வச்சு தட்டை செதுக்கிட்டு இருக்க"ன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. தேஞ்ச வைர முனைக்கு ரெண்டு பக்கமும் தட்டையா விளிம்பு வந்துடும், அது ஓடுற ஒவ்வொரு தடவையும் பள்ளத்தோட சுவரைச் சுரண்டும், சுரண்டினது திரும்ப வரவே வராது.

அடுத்த மாச சம்பளத்துல 1,400 ரூபாய் எடுத்து அந்தப் பச்சை கார்ட்ரிட்ஜை வாங்கினேன். ராத்திரி கட்டில்மேல நியூஸ்பேப்பர் விரிச்சு, 60 வாட்ஸ் குண்டு பல்புக்குக் கீழ உக்காந்து மாட்டினேன். நாலு ஒயர், ஒவ்வொண்ணும் தலைமுடியை விட கொஞ்சம்தான் தடிமன். வெள்ளையும் நீலமும் இடது சேனல், சிவப்பும் பச்சையும் வலது. புருவம் பிடுங்குற இடுக்கி ஒண்ணு பக்கத்து ரூம்ல கடன் வாங்கி ஒவ்வொரு ஒயரா பின்னுல சொருகினேன். அப்புறம் பின்னாடி இருக்கிற எடையைத் திருப்பித் திருப்பி, பிளேயரோட கை மேலயும் போகாம கீழயும் வராம அந்தரத்துல தராசு முள்ளு மாதிரி நிக்கணும், அந்த இடத்துல டயலை பூஜ்யத்துல வச்சு, அங்கேர்ந்து ஊசி அழுத்தம் 2 கிராம்.

போட்டது ஒரு வீணைத் தட்டு, நூறு தடவை கேட்டது. முதல்ல தம்புரா வந்துச்சு. அதுவரைக்கும் அந்தத் தட்டுல தம்புரா இருக்குன்னே எனக்குத் தெரியாது, பின்னாடி ஏதோ ஹம் வருது, எர்த் சரியில்லன்னுதான் நினைச்சிருந்தேன். அது நாலு தந்தியா, ஒண்ணு ஒண்ணா, பிரிஞ்சு கேட்டுச்சு. அப்புறம் வீணை. விரல் தந்தியில சறுக்கிக்கிட்டே அடுத்த மெட்டுக்குப் போற அந்த சின்ன உரசல், மீட்டுற நகம் தந்தியில படுற "டிக்", எல்லாம் அந்த எட்டுக்குப் பத்து ரூம்ல என் எதிர்ல. தட்டு அதே தட்டு, ஆம்பும் ஸ்பீக்கரும் அதேதான். மணி ரெண்டு ஆகுற வரைக்கும் ஒவ்வொரு தட்டா எடுத்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன், ஒரு தட்டையும் முழுசா முடிக்கல.

அந்த ஏடி95 இப்ப விஎம்95னு வருது. கார்ட்ரிட்ஜ் உடம்பை அப்படியே விட்டுட்டு ஊசியை மட்டும் இழுத்து மாத்திக்கலாம். எலிப்டிகல், அதாவது நீள்வட்ட முனைக்கு 300 மணி நேரம்தான் ஆயுள்னு கம்பெனியே சொல்றாங்க, இன்னும் நுணுக்கமா செதுக்கின மைக்ரோ லீனியர் முனைன்னா 1,000 மணி நேரம். செகண்ட் ஹேண்ட்ல பிளேயர் வாங்குற யாரா இருந்தாலும் நல்ல தட்டை அதுல வைக்கிறதுக்கு முன்னாடி ஊசியை மாத்திடுங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க.

சென்னை வேளச்சேரி, ஐடி துறை வாசகர்: என்கிட்ட 50 வாட்ஸ் ஆம்ப், ரெண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இருக்கு. சத்தம் பத்தல, பேஸும் (அதிர்ற கீழ் சத்தம்) இல்ல. 100 வாட்ஸ் ஆம்புக்கு மாறலாம்னு 60,000 ரூபாய் எடுத்து வச்சிருக்கேன். எந்த மாடல் வாங்கலாம்?

காசை இப்போதைக்கு பேங்க்ல போட்டு வைங்க, ப்ரோ. 50 வாட்ஸ் 100 வாட்ஸ் ஆனா சத்தம் டபுள் ஆகும்னு நிறைய பேர் நம்புறாங்க, காது அப்படிக் கணக்குப் போடாது. பவர் ரெண்டு மடங்கு ஆனா சத்தத்தோட அளவு 3 டெசிபல்தான் கூடும், "ஆமா, கொஞ்சம் ஏறியிருக்கு"ன்னு சொல்ற அளவுக்கு. சத்தம் டபுளா இருக்குன்னு மனசு ஒத்துக்கணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதுக்கு பவர் பத்து மடங்கு ஆகணும், அதாவது 500 வாட்ஸ். அதுக்குள்ள உங்க ஸ்பீக்கர் கருகிப் போயிடும்.

உங்க ஸ்பீக்கருக்குப் பின்னாடியோ அதோட மேனுவல்லயோ சென்சிடிவிட்டின்னு ஒரு நம்பர் போட்டிருக்கும் பாருங்க. 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல்னு அர்த்தம். நீங்க எழுதின மாடல் 84. 90 உள்ள ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கினா அதே ஆம்புல நாலு மடங்கு பவர் கூட்டினதுக்குச் சமம். அதனால மாத்துறதா இருந்தா என்னைக்கா இருந்தாலும் ஸ்பீக்கரைத்தான் மாத்தணும், ஆனா அதுவும் இப்ப இல்ல. ஏன்னா நீங்க அனுப்பின போட்டோவுல ஒரு ஸ்பீக்கர் டிவி ஷோகேஸுக்குள்ள நவராத்திரி கொலு பொம்மைக்குப் பக்கத்துல இருக்கு, இன்னொண்ணு பீரோ மேல சீலிங்கைத் தொட்டுக்கிட்டு இருக்கு. எவ்வளவு விலை குடுத்து ஆம்ப் வாங்கினாலும் இப்படி வச்சா ஒண்ணும் நடக்காது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. கட்டட சாமான் கடையில ஹாலோ பிளாக் கல்லு நாலு வாங்குங்க, பக்கத்துக்கு ரெண்டா அடுக்கி, ரெண்டுக்கும் நடுவுல பழைய மவுஸ்பேடை வெட்டி வைங்க, மேல ஸ்பீக்கர். சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், நீங்க உக்காந்தா உங்க காது உயரத்துக்கு வரணும், பத்தலைன்னா இன்னொரு கல்லு. சுவத்துலேர்ந்து ஒன்றரை அடி முன்னாடி இழுங்க. ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ, உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம். இப்ப பாடுறவங்க குரல் ரெண்டு பெட்டியிலேர்ந்தும் வராம நடுவுல, டிவி இருக்கிற இடத்துலேர்ந்து வரும். வரலைன்னா ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பும் கறுப்பும் மாத்தி சொருகியிருக்கீங்க, அதைப் பாருங்க. பேஸ் இல்லாம போறதுக்கு பாதி நேரம் அதுதான் காரணம், ஒரு பெட்டி காத்தை முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்கும், ரெண்டும் கழிஞ்சு போயிடும்.

அடுத்து, ஹால் நடுவுல நின்னு ஒரே ஒரு தடவை கை தட்டுங்க. டைல்ஸ் தரை, பூசின சுவர், கண்ணாடி ஜன்னல், நம்ம ஃபிளாட்டெல்லாம் பாத்ரூம் மாதிரிதான் எதிரொலிக்கும். "டிர்ர்"னு ஒரு வால் கேக்கும். பவானி ஜமக்காளம் ஒண்ணை நாலா மடிச்சு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல தரையில போட்டுட்டு திரும்பத் தட்டுங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். ஜன்னலுக்கு கனமான திரை, பக்கவாட்டு சுவத்துல புக் அலமாரி இருந்தா இன்னும் நல்லது. பேஸுக்கு மட்டும் ஒரு விஷயம், உங்க ரூம் 12 அடி நீளம்னு எழுதியிருக்கீங்க, அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 துடிப்பு) பக்கத்துல அலை சுவருக்கு சுவர் மோதி நிக்கும், ரூமோட சரிபாதியில அது கிட்டத்தட்ட செத்துப் போயிடும். உங்க சோபா சரியா அங்கதான் இருக்கு. ரெண்டு அடி பின்னாடி தள்ளிப் போட்டுப் பாருங்க. இதெல்லாம் பண்ணி ஒரு மாசம் கேட்டுட்டு அப்புறமும் பத்தலைன்னா எழுதுங்க, 60,000க்கு என்ன ஸ்பீக்கர் வாங்கலாம்னு உக்காந்து பேசுவோம்.

சேலம், கல்லூரி மாணவர்: ஸ்பீக்கர் ஒயர் 15,000 ரூபாய்க்கு ஒண்ணு பாத்தேன். வாங்கினா சத்தம் மாறுமா அண்ணா?

மாறாது தம்பி. எலக்ட்ரிக்கல் கடையில 2.5 ஸ்கொயர் எம்எம் மல்டி ஸ்ட்ராண்ட் காப்பர் ஒயர் வாங்குங்க. 3 மீட்டர் தூரத்துக்கு போக வர சேத்தா, கரண்ட்டைத் தடுக்கிற அதோட ரெசிஸ்டன்ஸ் 8 ஓம் ஸ்பீக்கர்ல ஏறக்குறைய அரை சதவீதம்தான். முனையை பளபளன்னு சீவி டைட்டா முறுக்குங்க, ஒரு இழை கூட பக்கத்து டெர்மினலைத் தொடக்கூடாது. மிச்ச 14,000க்கு மேல உள்ள காசுக்கு எவ்வளவு பாட்டு வாங்கலாம்னு நினைச்சுப் பாருங்க.

திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை: தாத்தாவோட பழைய இசைத்தட்டு நாப்பது இருக்கு, எல்லாம் 78 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 78 சுத்து), நாய் படம் போட்டது. புதுசா பிளேயர் வாங்கி வச்சோம், தட்டு சுத்துது, ஆனா ஒரே இரைச்சல். தட்டு கெட்டுப் போச்சா? ஸ்பிரிட் போட்டு துடைச்சா சரியாகும்னு சொல்றாங்க.

மேடம், முதல்ல அந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து உள்ள வைங்க. 78 தட்டு எல்பி மாதிரி பிளாஸ்டிக் இல்ல, அரக்கு. அதுல சாராய ஜாதி எது பட்டாலும், ஸ்பிரிட், சானிடைசர், கண்ணாடி துடைக்கிற திரவம் எதுவா இருந்தாலும் மேல்பூச்சு கரைஞ்சு வந்துடும், அப்புறம் தாத்தா பாட்டும் அதோட போயிடும். டிஸ்டில்டு வாட்டர்ல ஒரே ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட், மெல்லிசான துணி, பள்ளம் போற திசையிலயே வட்டமா துடைக்கணும், நடுவுல இருக்கிற பேப்பர் லேபிள் நனையக் கூடாது, உடனே காய்ஞ்ச துணியில ஒத்தி எடுத்து நிழல்ல நிறுத்தி வைங்க. கீழ போட்டீங்கன்னா அப்பளம் மாதிரி நொறுங்கும், அதனால சின்னப் பசங்க இல்லாத நேரமா பாத்து செய்யுங்க.

இரைச்சலுக்குக் காரணம் தட்டு இல்ல, ஊசி. எல்பி ஊசியோட முனை சுமார் 18 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). 78 தட்டோட பள்ளத்துக்கு சுமார் 76 மைக்ரான் முனை வேணும், நாலு மடங்கு தடிமன். உங்க பிளேயர்ல இருக்கிற சின்ன ஊசி பள்ளத்தோட அடியில இறங்கி, அங்க எழுபது வருஷமா சேந்திருக்கிற தூசியிலயும் தேய்மானத்துலயும் உருண்டுக்கிட்டு இருக்கு, பாட்டு எழுதியிருக்கிற சுவரை அது தொடவே இல்ல. 78க்குன்னே ஊசி விக்குறாங்க, நான் மேல சொன்ன விஎம்95 குடும்பத்துலயே எஸ்பின்னு ஒண்ணு இருக்கு, ஊசியை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். பிளேயர்ல 78 ஸ்பீடு இருக்கான்னும் பாத்து வாங்கணும், இப்ப வர்றதுல பாதிக்கு மேல 33ம் 45ம்தான். உங்களோடதுல இருக்கு, அது வரைக்கும் நல்லது.

ஒரு பக்கத்துக்கு மூணு மூன்றரை நிமிஷம்தான் அந்தத் தட்டுல. கோயில் கச்சேரியில முக்கால் மணி நேரம் ஒரு ராகத்தை விரிச்ச வித்வான்கள் அந்த மூணு நிமிஷத்துக்குள்ள ஆலாபனை, பாட்டு, ஸ்வரம் எல்லாத்தையும் கோத்துக் குடுத்திருப்பாங்க, அந்த இறுக்கம் வேற எந்த ரெக்கார்டிங்லயும் எனக்குக் கிடைச்சதில்ல. சரியான ஊசி வந்ததும் முதல் காரியமா ஒவ்வொரு தட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி ரெண்டு இடத்துல பத்திரப்படுத்துங்க. தட்டை செங்குத்தா, புக் அடுக்குற மாதிரி நிறுத்தி வைங்க, ஒண்ணுமேல ஒண்ணா படுக்க வைக்காதீங்க.

கோயம்புத்தூர், மில் சூப்பர்வைசர்: அமெரிக்காவுல இருக்கிற தம்பி ஒரு விண்டேஜ் டர்ன்டேபிள், அதாவது பழைய காலத்து ரிக்கார்டு பிளேயர் கொண்டுவந்தான். 110 வோல்ட்டுங்கிறதால ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டுத்தான் ஓட்டுறேன். ஆனா பாட்டு எல்லாம் இழுக்குது. ரெண்டு தடவை பெல்ட் மாத்தியாச்சு, 2,000 ரூபாய் தண்டம். கடைக்காரர் மோட்டார் போச்சுன்னு சொல்றார்.

மோட்டார் நல்லாத்தான் இருக்கும்ங்க, அவசரப்பட்டு மாத்திடாதீங்க. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஃப்ரீக்வென்சியைத் தொடாது. அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 50. பழைய பெல்ட் டிரைவ் பிளேயர்ல நிறைய மாடல்ல சிங்க்ரனஸ் மோட்டார் இருக்கும், அதோட வேகத்துக்கு வோல்ட்டேஜ் ஒரு பொருட்டே இல்ல, கரண்ட் எத்தனை தடவை துடிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் சுத்தும். 60க்கு செஞ்சதை 50ல ஓட்டினா ஆறுல அஞ்சு பங்கு வேகம்தான், நிமிஷத்துக்கு 33 சுத்து வர வேண்டியது 28 கூட வராது.

கடைக்குப் போகாம வீட்லயே கண்டுபிடிக்கலாம். லேபிள் மேல ஒரு துண்டு பேப்பரை செல்லோடேப்ல ஒட்டுங்க, போன்ல ஒரு நிமிஷம் டைமர் வச்சுட்டு பேப்பர் எத்தனை தடவை உங்க முன்னாடி வருதுன்னு எண்ணுங்க. 28ஐ ஒட்டி வந்தா நான் சொன்னதேதான். இல்ல, காதாலயே பாக்கலாம், மூணு ஸ்வரஸ்தானம் இறங்கியிருக்கும், 5 கட்டையில பாடுற பாட்டுக்காரம்மா 3 கட்டையில பாடுற மாதிரி கேக்கும். உங்க வீட்ல சுருதிப் பெட்டி இருந்தா வச்சு ஒப்பிட்டுப் பாருங்க.

வழி ரெண்டு. மோட்டார் தண்டுல பெல்ட் ஓடுற அந்த சின்ன பித்தளை உருளை, புல்லி, அதை 50 ஹெர்ட்ஸுக்கு உண்டானதா மாத்தணும், அந்தக் காலத்து கம்பெனிகள்ல பல பேர் ரெண்டு அளவுலயும் செஞ்சாங்க. கிடைக்கலைன்னா கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு நீங்க கவலைப்படவே வேண்டாம், நல்ல லேத் பட்டறையில குடுத்து பெல்ட் ஓடுற இடத்தோட விட்டத்தை 1.2 மடங்கா கடைஞ்சு வாங்கிடலாம், கொஞ்சம் கூட ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க, அது ஆடினா சுருதியும் ஆடும். இன்னொரு வழி, 60 ஹெர்ட்ஸையே உருவாக்கித் தர்ற பவர் சப்ளை, அது செலவு அதிகம். பெல்ட் இல்லாம மோட்டாரே நேரா தட்டைச் சுத்துற டைரக்ட் டிரைவ் மாடல்லயும் டிசி மோட்டார் மாடல்லயும் இந்தத் தொல்லை கிடையாது, வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வரச் சொல்றவங்க முதல்லயே இதைக் கேட்டுக்கோங்க.

தஞ்சாவூர், மளிகைக் கடை வச்சிருக்கிற வாசகர்: அப்பா ரெக்கார்டிங் சென்டர்ல பதிஞ்சு வச்ச கேசட் முந்நூறு இருக்கு. அதைப் போடுற கேசட் டெக் இருபது வருஷமா பரண்ல கிடந்துச்சு, எடுத்துப் போட்டா லைட் எரியுது, சுத்தல. எல்லாப் பாட்டும் இப்ப நெட்ல கிடைக்குதே, தூக்கிப் போட்டுடலாமான்னு வீட்ல கேக்குறாங்க.

தூக்கிப் போடாதீங்கண்ணே. பாட்டு நெட்ல இருக்கு, அப்பா போட்ட வரிசை நெட்ல இல்ல. ஒரு வெள்ளைப் பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, டிடிகே கேசட்ல 60 நிமிஷம் வேணுமா 90 வேணுமான்னு யோசிச்சு, ஏ பக்கம் சோகம் பி பக்கம் ஜாலின்னு பிரிச்சு, கடைசியில ரெண்டு நிமிஷம் மிச்சம் இருக்கு அதுக்கு என்ன போடலாம்னு கடைக்காரர்கிட்ட நின்னு பேசி, நாலு நாள் கழிச்சு போய் வாங்கிட்டு வந்த தலைமுறை அது. உள்ள இருக்கிற அட்டையில அவர் கையெழுத்து இருக்கும்.

டெக் சுத்தாததுக்கு பத்துல ஒம்போது தடவை பெல்ட்தான் காரணம். ரப்பர் உருகி தார் மாதிரி ஆகியிருக்கும், கையில பட்டா நாலு நாளைக்குப் போகாது, பழைய துணியும் கையுறையும் எடுத்துக்கோங்க. புல்லியில ஒட்டின தாரை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல காதுகுடையற பஞ்சுக் குச்சி நனைச்சு துளி விடாம எடுக்கணும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பாட்டு நடுங்கும். புது பெல்ட் பழசோட அளவுக்கு வாங்குங்க. அதே மாதிரி புதுப் பஞ்சால, நாடாவைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டையும் துடைச்சுடுங்க, காபிக் கலர்ல வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் துடைக்கணும்.

கேசட்டை ஒண்ணொண்ணா ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. நாடாச் சுருள் மேல வெள்ளையா பூத்திருந்தா பூஞ்சை, அதை டெக்ல போடவே போடாதீங்க, ஒண்ணுலேர்ந்து மத்ததுக்கெல்லாம் பரவும். உள்ள நாடாவை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கிற சின்ன பஞ்சு விழுந்திருந்தா சத்தம் கம்மியா கேக்கும், அஞ்சு ஸ்க்ரூ உள்ள காலி கேசட்டுக்கு சுருளை மாத்திடலாம். முதல்ல ஒரு தடவை முழுசா முன்னாடி ஓட்டி, திரும்ப பின்னாடி ஓட்டி, அப்புறம் பிளே பண்ணுங்க. சத்தம் போர்வை போத்தின மாதிரி இருந்தா ஹெட் பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், ஓடும்போதே அதை கால் சுத்துக்கும் கம்மியா இப்படி அப்படி திருப்புங்க, ஒரு இடத்துல ஜால்ரா சத்தம் பளிச்சுன்னு எழுந்து நிக்கும், அங்க விட்டுடுங்க. பதிஞ்ச கடையோட மிஷின் எந்தக் கோணத்துல இருந்துச்சோ அந்தக் கோணத்துக்கு உங்க டெக் வந்துடுச்சுன்னு அர்த்தம். முந்நூறையும் ஏத்தணும்னு மலைக்காதீங்க, கையெழுத்து அட்டையோட இருக்கிறதுல இருபது எடுத்து ஆரம்பிங்க.

புதுக்கோட்டை வாசகர்: சிடி எல்லாம் இனிமே குப்பைதானே? ஸ்ட்ரீமிங்குக்கு என்ன வாங்கலாம்?

குப்பை இல்ல. 1982ல முதல் சிடி பிளேயரா சோனி சிடிபி-101 வந்தப்பவே இருந்த அளவு, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நம்ம காதுக்கு இன்னைக்கும் அது போதும். சிடியை எல்லாம் தரம் குறையாம வைக்கிற ஃப்ளாக் ஃபைலா கம்ப்யூட்டர்ல ஏத்திக்கோங்க. ஸ்ட்ரீமிங்குக்குன்னு பெரிய பெட்டி வேண்டாம், பழைய போன் ஒண்ணு, போனோட சார்ஜ் ஓட்டையில சொருகுற டைப்-சி டாங்கிள் ஒண்ணு, அதுலேர்ந்து ஆம்புக்கு ஒரு ஆர்சிஏ (சிவப்பு வெள்ளை முனை உள்ள) ஒயர். போன் வால்யூமை முழுசா வச்சுட்டு ஆம்புல குறைச்சுக்கோங்க. புளூடூத்தை விட நிச்சயமா நல்லா இருக்கும்.

சிங்கப்பூர், ஈசூன் வாசகர்: 1990ல முதல் போனஸ்ல அடெல்ஃபி கட்டடத்துல ஒரு கடையில ஸ்பீக்கர் வாங்கினேன், கல்யாணத்துக்கு முன்னாடி நான் வாங்கின ஒரே பெரிய பொருள். இப்ப கூம்பைச் சுத்தி இருக்கிற ஸ்பாஞ்ச் தொட்டா பொடிப்பொடியா உதிருது. ஆம்ப் போட்டா படபடன்னு அடிக்குது. புதுசு வாங்கறதா?

வேண்டாம், இது ஸ்பீக்கரோட சாவு இல்ல, செருப்பு வார் அறுந்த மாதிரி. அந்த ஃபோம் வளையம் நம்ம மாதிரி ஈரப்பதம் உள்ள ஊர்ல பத்துப் பதினஞ்சு வருஷத்துலயே உதிர ஆரம்பிச்சுடும், உங்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல வந்திருக்கு. முதல்ல பாட்டு போடுறதை நிறுத்துங்க, வளையம் இல்லாம ஓடினா கூம்புக்குப் பின்னாடி இருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், சாய்ஞ்சு உரசி நிஜமாவே போயிடும்.

நடுவுல ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு விரலை வச்சு கூம்பை மெதுவா, நேரா உள்ள அழுத்துங்க. சத்தமே இல்லாம போய் திரும்பி வந்தா காயில் நல்லா இருக்கு. மணல் உரசுற மாதிரி கேட்டா வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும். நல்லா இருந்தா உங்க ஸ்பீக்கர் அளவுக்கு ரீஃபோம் கிட் (புது ஃபோம் வளையமும் பசையும்) வாங்கி நீங்களே ஒட்டலாம். பழைய பசையை விரலாலயும் ஆல்கஹாலாலயும் நிதானமா உரிச்சு எடுக்குறதுதான் வேலையே, ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். ஒட்டும்போது நடுமூடியைக் கழட்டி காயிலைச் சுத்தி மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்டுத் துண்டு நாலு சொருகிட்டா காயில் நடுவுல நிக்கும், காய்ஞ்சதும் உருவிடுங்க. நீங்க எழுதின அந்த மாடலை நான் கேட்டிருக்கேன், இப்ப உள்ள விலையில அதுக்கு ஈடா பொண்ணு குரல் பாடுற பெட்டி சுலபமா கிடைக்காது.

நாகர்கோவில், ஒரு மகள்: அப்பாவுக்கு 74 வயசு. ஒரு காலத்துல வீட்ல வால்வு ரேடியோவுல இலங்கை வானொலி கேப்பாங்க. இப்ப காது கொஞ்சம் மந்தம், "பாட்டு புரியல"ன்னு சொல்லி கேக்குறதையே விட்டுட்டாங்க. என் முதல் சம்பளத்துல அவங்களுக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரணும். என்ன வாங்கட்டும்?

கடையில போய் பெட்டி பாக்குறதுக்கு முன்னாடி அப்பாவை காது கேக்குறதைச் சோதிக்கிற ஒரு ஆடியாலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்கம்மா. வயசாக ஆக முதல்ல போறது மேல் சுருதிதான், பாட்டுல "ச", "த", "க" எழுத்தெல்லாம் அங்கதான் இருக்கு, அதான் சத்தம் கேக்குது, வார்த்தை புரியல. வால்யூம் ஏத்தினா கீழ் சுருதிதான் முழங்கும், புரியாதது புரியாமயே இருக்கும், பக்கத்துல இருக்கிறவங்களும் "குறைங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, அவங்க ஒதுங்கிப் போறதுக்கு அது ஒரு காரணமா ஆயிடும். காது மிஷின் போட்டுக்கணும்னு வந்தா, பாட்டு கேக்குறவர்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, நிறைய மாடல்ல பாட்டுக்குன்னு தனி செட்டிங் இருக்கு, பேச்சுக்கு வச்ச செட்டிங்ல தம்புரா, வயலின் எல்லாம் இரைச்சல்னு நினைச்சு மிஷின் அமுக்கிடும்.

அதுக்கப்புறம் பெட்டி. ஆப், டச் ஸ்கிரீன், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். ஆன் பண்றதுக்கு ஒரு குமிழ், வால்யூமுக்கு ஒரு குமிழ், பேஸ் (கீழ் சுருதி), ட்ரெபிள் (மேல் சுருதி) தனித்தனியா திருப்புற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது, ட்ரெபிளைக் கூட்டி பேஸைக் குறைச்சு வச்சுக் குடுங்க. உள்ளேயே ஆம்ப் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் ஜோடி போதும். ஹால் மூலையில டிவிக்குப் பக்கத்துல வைக்காம, அவங்க சாய்வு நாற்காலிக்கு மூணு நாலு அடி தூரத்துல, காதுக்கு நேரா வைங்க, கிட்ட இருந்தா ரூம் எதிரொலி கம்மியாகும், வார்த்தை தெளியும். பாட்டை ஒரு பென் டிரைவ்ல போட்டு சொருகிடுங்க, நூறு பாட்டுக்கு மேல வேண்டாம், எந்த நூறுன்னு அவங்ககிட்டயே உக்காந்து கேட்டு எழுதுங்க, அம்மாவையும் கூட வச்சுக்கோங்க. வால்யூம் குமிழ்ல அவங்களுக்கு சரியா இருக்கிற இடத்துல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வச்சு அடையாளம் பண்ணிடுங்க, விரல் வச்சாலே தெரியும்.